கூட்டினால் நடுவில், பெருக்கினால் ஓரத்தில்

தம்பி,

உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ சொன்ன ஒரு பொய்யைத் திருத்திவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று சிம்பாங் அம்பாட்டில், கவிதா வீட்டுக் கூடத்தில், சின்னப் பிள்ளைகள் இரண்டு பகடைகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நீ போய் அவர்கள் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூட்டிப் பார்த்தால் ஏழுதான் அதிகமாக விழும் என்று சொல்லி, ஏன் என்பதையும் விரலை மடக்கிக் காட்டினாய். கவிதாவின் பெரியப்பா, "ஹோட்டல் கிச்சன்ல வேலை செய்யிற தம்பிக்கு இவ்வளவு கணக்கு எப்படி வந்துச்சு?" என்று வியந்தார். நீ தலையைத் திருப்பாமலே, "எங்கம்மா ஸ்கூல்ல கணக்கு டீச்சர் லா அங்கிள். எல்லாம் அவங்க சொல்லிக் குடுத்தது," என்றாய். கூடமே என் பக்கம் திரும்பியது. இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குச் சொல் வந்து சேருவதற்குள் யாரோ கேசரித் தட்டோடு வந்துவிட்டார்கள். பேச்சு மண்டபத்துச் சமையலுக்குப் போய்விட்டது.

பேசுவதில்தான் எனக்கு இன்னும் நேரமாகிறது. எழுதும்போது குறுக்கே யாரும் தட்டை நீட்டுவதில்லை. நீ வாங்கிக் கொடுத்த பலகைக் கணினியில் இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, 'ர'வுக்கும் 'ற'வுக்கும் வித்தியாசம் எனக்கு நினைவிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சிக் கூடத்தில் எத்தனை அம்மாக்களையும் பிள்ளைகளையும் பார்த்தோம். ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்களே, அவர்களில் யாராவது ஒருவர் இதைப் படித்தால் நல்லதுதானே.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொல்லும் நிலையில் இல்லை. பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலையில், சேலைக் கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்த வலது கை, அது என் கையே இல்லை என்பதுபோல் கொசுவத்தை விட்டுவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நினைத்தேன். வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. பிறகு மருத்துவமனை, ஊசி, விளக்குகள், பத்து பெரிங்கி ஹோட்டலிலிருந்து சமையல்காரன் உடுப்போடு ஓடிவந்த நீ. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது, கை திரும்ப நாளாகும், பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் புரிந்துகொண்டேன் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

எண்கள் போனதுதான் எனக்குப் பெரிய அடி. பல்கலைக்கழகம் போகுமுன் படிக்கிற ஆறாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தியவள் நான். நான்கு என்று மனத்தில் தெளிவாகத் தெரியும், வாய் ஏழு என்று சொல்லும். சொன்னது தவறு என்று காதுக்குத் தெரியும். திருத்தப் போனால் இரண்டு என்று வரும். பயிற்சி கொடுக்க வந்த சல்மா நல்ல பெண். பொறுமையானவள். மலாயில் மெதுவாகப் பேசுவாள். அவள் கொண்டுவந்த தாளில் மூன்று ஆப்பிள், பக்கத்தில் இரண்டு ஆப்பிள், நடுவில் கூட்டல் குறி. அந்தத் தாளை இடது கையால் கசக்கிக் கீழே போட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நீதான் குனிந்து எடுத்து நீவிவிட்டு, "சரிம்மா, ஆப்பிள் வேணாம்," என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அந்த வாரமே ஹோட்டலில் கேட்டுக் காலைப் பசியாறல் வேலைக்கு மாறிக்கொண்டாய். பொழுது விடியுமுன் போய், பிற்பகலில் வெண்ணெய் வாசனையோடு ஜெலுத்தோங்கில் நம் வீட்டுக்கு வந்துவிடுவாய். உன் வயதுப் பையன்கள் விரும்பும் வேலை நேரமா அது?

முதலில் நீயே கணக்குகள் எழுதிப் பார்த்தாய். எட்டும் ஐந்தும். பன்னிரண்டும் ஆறும். நான் தாளைப் பார்க்காமல் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு எது சுலபமென்று தோன்றியதோ அதை எழுதும்போது உன் புருவம் தளர்ந்துவிடும். என்மேல் இரக்கப்பட்டு எழுதிய கணக்கு என்று தெரிந்துவிடும். பென்சிலைத் தள்ளிவிடுவேன். ஒரு நாள் நீ அலமாரியிலிருந்து என் பழைய கால்குலேட்டரை எடுத்து வந்தாய். அதில் 'ரேன்' என்றொரு விசை இருக்கிறது. அழுத்தினால் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். மறுபடி அழுத்தினால் வேறொன்று. பூஜ்யத்தை ஒட்டியும் வரலாம், நடுவிலும் வரலாம், ஒன்றை ஒட்டியும் வரலாம். எந்த இடத்துக்கும் தனிச் சலுகை கிடையாது. இதைத்தான் வகுப்பில் சீரான பரவல் என்று சொல்லிக்கொடுப்போம். உனக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு கணக்கைக் கைகழுவிவிட்டுப் போனவன் நீ.

"அம்மா, நான் கணக்கு எழுதினா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுறீங்க. இதுக்கு மூஞ்சியே இல்ல," என்று சொல்லி விசையை இரண்டு முறை அழுத்தினாய். இரண்டு எண்கள். அவற்றைக் கூட்ட வேண்டும். விடையை நான் வாயால் சொன்னால் தவறாக வரும் என்று உனக்குத் தெரியும். அதனால் மாத நாட்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், அடியில் ஒரு கோடு இழுத்து, பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை பத்துக் கட்டங்களாகப் பிரித்தாய். விடை எந்தக் கட்டத்தில் விழும் என்று நான் விரலை வைத்தால் போதும். நீ அந்தக் கட்டத்துக்கு மேலே ஒரு பெருக்கல் குறி போடுவாய். அதே கட்டம் மறுபடி வந்தால் முதல் குறியின் தலைமேல் அடுத்த குறி.

என் விரல் சரியான இடத்துக்குப் போனது. இதைப் படிக்கிறவர்களுக்கு அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வாய் என்னைக் கைவிட்டுவிட்டது, ஆனால் உள்ளே எண்கள் அவையவை இருந்த இடத்தில்தான் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. உனக்குத் தெரியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நீ, "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டாய். தூக்கமாவது.

அதன் பிறகு பிற்பகல்தோறும் அதே வேலை. நீ அழுத்துவாய், நான் காட்டுவேன், குறி ஏறும். சில நாட்களில் நடுக்கட்டங்களில் தாள் போதாமல் போய்விட்டது. நீ மேலே இன்னொரு தாளைப் பசைநாடா போட்டு ஒட்டினாய். இரண்டு ஓரங்களிலும் ஓரிரு குறிகள்தான். நடுவில் கூரைமுகடுபோல் ஏறி நின்றது. எல்லா எண்ணும் சமமாக வருகிற விசையாயிற்றே, கட்டங்களும் சமமாக நிரம்ப வேண்டும் அல்லவா? நீ அப்படித்தான் நினைத்திருக்கிறாய். நான் விடை தெரியாமல் குத்துமதிப்பாக நடுவில் விரலை வைக்கிறேனோ என்று உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் கண் மூடியிருக்கிறேன் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் போய் நின்று, எழுதி வைத்த எண்களை ஒவ்வொன்றாகக் கால்குலேட்டரில் கூட்டிச் சரிபார்த்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரும்பி வந்தாய். நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"நீங்க காட்டினது எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. அப்புறம் ஏன் எல்லாம் நடுவுலயே வந்து குவியுது?"

தம்பி, நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்த ஒரு கேள்விக்காகத்தான். நோயில் விழுந்ததிலிருந்து எத்தனையோ பேர் என்னை எத்தனையோ கேட்டார்கள். இது என்ன, பென்சிலா கரண்டியா? இன்றைக்கு என்ன கிழமை? இவர் யார், உங்கள் கணவர்தானே? எல்லாம் அவர்களுக்கு விடை தெரிந்த கேள்விகள். எனக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் கேட்டார்கள். நானும் அத்தனை ஆண்டு வகுப்பில் அப்படித்தானே கேட்டேன்? ஆனால் உனக்கு அந்த விடை தெரியாது. நீ நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். உன் கண்ணில் அது தெரிந்தது. என்னிடம் இன்னும் ஏதோ இருக்கிறது, அது தனக்கு வேண்டும் என்று ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த நிமிடத்திலிருந்துதான் நான் நோயாளி என்பது எனக்கு மறந்துபோக ஆரம்பித்தது.

விடை எனக்குத் தெரியும். சொல்லத்தான் வழியில்லை. அன்று முழுவதும் வாயை மென்றேன். மறுநாள் அடுப்படியைக் காட்டி அடம்பிடித்தேன். நீ ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துக் காட்டி, கடைசியில் கேக் சுடும் சதுரத் தட்டை எடுத்ததும் தலையாட்டினேன். பிறகு டப்பாவிலிருந்து பச்சைப் பயறு. தட்டு முழுக்கப் பயறைச் சீராகப் பரப்பச் சொல்லிச் சைகை காட்டினேன். ஒரு பக்கத்தில் முதல் எண், அடுத்த பக்கத்தில் இரண்டாவது எண் என்று விரலால் கோடு காட்டினேன். ஒவ்வொரு பயறும் ஒரு ஜோடி எண்கள். அது உனக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் நீ நெற்றியில் அடித்துக்கொண்டாய். பிறகு நீளமான அளவுகோலைத் தட்டின் மூலையில் சாய்வாக வைத்தேன். மூலையை ஒட்டிய அந்தச் சின்னத் துண்டில் இரண்டு எண்களும் சிறியவை, கூட்டுத்தொகையும் சிறியது. அதில் கிடந்த பயறு சொற்பம். அளவுகோலை அதே சாய்வில் மெல்ல மெல்ல நடுவுக்குத் தள்ளினேன். தட்டின் மூலைக்கு மூலை அது நீண்டு கிடந்த இடத்தில்தான் கூட்டுத்தொகை ஒன்று. அங்கே அதன் ஓரத்தில் கிடந்த பயறுதான் எல்லாவற்றிலும் அதிகம். அதைத் தாண்டித் தள்ளினால் மறுபடி குறைந்துகொண்டே போய் எதிர் மூலையில் முடிந்தது.

"ஐயோ, இவ்வளவுதானா!" என்றாய். "சைபர் பக்கம் வரணும்னா ரெண்டுமே சின்னதா இருக்கணும். ரெண்டுகிட்ட போகணும்னா ரெண்டுமே பெருசா இருக்கணும். ஒண்ணு வர்றதுக்குத்தான் வழி நிறைய. ஒரு நம்பர் பெருசு, இன்னொண்ணு சின்னது, இல்லன்னா ரெண்டும் பாதி."

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா வாசற்படியில் நின்று, "பயறை ஏண்டா கீழ சிந்துறீங்க ரெண்டு பேரும்?" என்றார். நீ அவரையும் பிடித்து இழுத்து உட்காரவைத்து முதலிலிருந்து விளக்கினாய். அவர் துறைமுக அலுவலகத்தில் காலமெல்லாம் கப்பல் சாமான்களைக் கணக்குப் பார்த்தவர். அவருக்குமே அது புதுசு. மகன் தகப்பனுக்குப் பாடம் நடத்துகிறான், நான் தலையாட்டுகிறேன். இதில் யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது என்று பெரியப்பாவிடம் நீ எப்படிச் சொல்லியிருக்க வேண்டும், சொல் பார்ப்போம்.

அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. மூன்று எண்களைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாய். கூரையின் முனை மழுங்கி மணியைப்போல் வளைந்தது. அடுத்தது, பெருக்கினால்? பெருக்கல் எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். அதைக் கால்குலேட்டரே செய்யட்டும், நான் கட்டத்தை மட்டும் காட்டுகிறேன் என்று ஏற்பாடு. புதுத் தாள், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை பத்துக் கட்டம். இதுவும் நடுவில் குவியும் என்று நீ உறுதியாக இருந்தாய். முதல் நாளிலேயே இடது ஓரத்தில் ஒரு கோபுரம் எழும்பிவிட்டது. மூன்று குறிகளில் ஒன்று முதல் கட்டத்திலேயே போய் விழுந்தது. வலது பக்கம் போகப் போகச் சறுக்குமரம்போல் இறங்கி, கடைசிக் கட்டம் காலியாகவே கிடந்தது.

"இது என்னம்மா, எல்லாம் சைபர் பக்கமே ஓடுது. பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு," என்றாய். ஒன்றைவிடச் சிறிய ஒன்றை, ஒன்றைவிடச் சிறிய இன்னொன்றால் பெருக்கினால் இரண்டையும்விடச் சிறியதாகத்தானே போகும்? கடைசிக் கட்டத்தில் ஒரு குறி விழ வேண்டுமானால் இரண்டு எண்களுமே ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நாள் அப்படி இரண்டு எண்கள் சேர்ந்து வந்துவிட்டன. நீ எழுந்து நின்று கைதட்டினாய். நான் ஏதோ சாதித்துவிட்டதுபோல் அப்பா கோப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

அந்தச் சறுக்குமரத்தின் வடிவத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்கு நினைவிருந்தது. அதை எழுத ஒரு வழி உண்டு. பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடுகிற ஒரு பழைய உபாயம் உண்டு. அதன் பெயர் நாக்கின் நுனியில் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. குளிக்கும்போது தேடினேன், சாப்பிடும்போது தேடினேன். ஒரு பிற்பகல், நீ இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அது வந்துவிட்டது.

"லாக்!" என்றேன்.

அப்பா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போய் வாசல் கிரில்லைப் பூட்டினார்.

"லாக்!" என்றேன் மறுபடி, மேசையைத் தட்டி.

"பூட்டிட்டேன், பூட்டிட்டேன்மா. யாரு வர்றா? யாரையாச்சும் பாத்தியா?" என்று கிரில்லைப் பிடித்து உலுக்கிக் காட்டினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. லாக், லாக் என்று கத்த, அவர் ஜன்னல்களையும் சாத்தத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில்தான் நீ சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வெளியே வந்து நிற்கிறாய்.

"என்னப்பா, பட்டப்பகல்ல பூட்டிட்டு?"

"அம்மாதான் பூட்டச் சொல்றா. கெட்ட கனவு கண்டுட்டா போல."

நீ கம்பி வழியாக என்னைப் பார்த்தாய். நான் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன், காலியாக இருந்த உன் கையைக் காட்டினேன், மறுபடி தாளைக் காட்டினேன். நீ பையைத் துழாவிக் கால்குலேட்டரை எடுத்தாய். எப்போதும் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கிரில்லுக்கு வெளியே நின்றபடியே ஒவ்வொரு விசையாக வாசித்துக்கொண்டு வந்தாய். ஒன்றின்மேல் விரல் நின்றது. கம்பிக்குள் கையை நீட்டி, "இதுவாம்மா? லாக்?" என்று காட்டினாய்.

நான் சிரித்தேன். ஒருபக்கம் கோணிய வாயோடு, எச்சில் வடிய, மூச்சு முட்டச் சிரித்தேன். நோய்க்குப் பிறகு அதுதான் என் முதல் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே. உள்ளே விடுங்கப்பா, சோறு ஆறுது என்று நீ கத்த, சாவியை எங்கே வைத்தோம் என்று அவர் தேட, அந்தக் களேபரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அன்று மாலை இடது கையால், கோணல்மாணலாக, அந்தச் சறுக்குமரத்தின் சமன்பாட்டைத் தாளின் அடியில் எழுதினேன். ஒரு கழித்தல் குறியும், லாகரிதம் என்கிற அந்த லாக்கும். அவ்வளவுதான் அது. இரண்டு சீரான எண்களின் பெருக்குத்தொகை எங்கே எவ்வளவு அடர்த்தியாக விழும் என்பதை அந்தச் சின்ன வரி சொல்லிவிடும். உனக்கு அது முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டாய்.

இனி கொஞ்சம் கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குத் திரும்பிவிடுவேன் என்றுதான் அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். ஓய்வுக்கு இன்னும் காலம் இருந்தது. கை வர வேண்டும், பேச்சு வர வேண்டும், கணக்கு வர வேண்டும். மூன்றும் வந்துவிட்டால் போய் நின்றுவிடலாம். ஆனால் ஒவ்வொன்றும் பாதியில் நின்றுகொண்டிருந்தது. மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெறச் சம்மதமா என்று பள்ளியிலிருந்து தயக்கத்தோடு கேட்டார்கள். அன்று நான் சாப்பிடவில்லை. நீ காரணம் கேட்டாய். நான் தாளில் எழுதிக் காட்டினேன்: அரை, அரை, அரை. நடுவே பெருக்கல் குறிகள். கடைசியில் எட்டில் ஒன்று. அதுதான் என்னில் மிச்சம் என்று காட்டினேன். அந்தப் பெருக்கல் தாளைச் சுவரில் பார்த்துப் பார்த்து எனக்குள்ளேயே போட்டு வைத்திருந்த கணக்கு அது.

நீ பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பெருக்கல் குறியையும் அடித்துத் திருத்திக் கூட்டல் குறியாக ஆக்கினாய்.

"மூணும் சேந்து முழுசா வந்தாத்தான் ஆச்சுன்னு ஏம்மா இருக்கீங்க? வகுப்புக்குப் போறதுக்கு வேணா அது பெருக்கலா இருக்கலாம். வீட்டுல எங்களுக்கு அப்படி இல்ல லா. அரை கை, அரை பேச்சு, அரை கணக்கு. கூட்டிப் பாருங்க. ஒன்றரை ஆளு நீங்க."

ஓய்வுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். அழுதேன், அதை மறைக்க மாட்டேன். வகுப்பறையை விட்டு வந்தது இன்றைக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மறுநாள் எழுந்தபோது, காத்துக்கொண்டே இருந்த ஒரு களைப்பு என்னை விட்டுப் போயிருந்தது. இடது கையால் காய் நறுக்கக் கற்றேன். கீழ்மாடிப் பெண் ஒருத்தி நிகழ்தகவில் தடுமாறுகிறாள் என்று கேள்விப்பட்டு நீயே போய் அழைத்து வந்தாய். நான் பேசாமல் பயறும் தட்டும் வைத்து அவளுக்கு நடத்தினேன். அவள் முன்னால் மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்து, என் சைகைகளுக்கெல்லாம் நீ சொல் கொடுத்தாய். பகடையில் ஏழு ஏன் அதிகம் என்று நீ தெரிந்துகொண்டது அப்போதுதான். உன் கேள்விகள், உன் தாள், உன் பசைநாடா, உன் பிற்பகல்கள். நான் கொடுத்தது தலையாட்டல்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வீட்டில் பெரும்பாலான விஷயங்களைக் கூட்டலாக வைத்துக்கொள். அவளுக்கு ஒரு நாள் சமைக்கப் பிடிக்காமல் போகலாம், உனக்கு ஒரு நாள் பேசப் பிடிக்காமல் போகலாம். ஒருவர் குறைந்த நாளில் மற்றவர் கொஞ்சம் நிறைந்து நின்றால் நாள் நடுவில் வந்து நின்றுவிடும். எல்லாம் முழுசாக இருந்தால்தான் சந்தோஷம் என்று பெருக்கிப் பார்க்காதே, நான் அப்படிப் பெருக்கித்தான் பல நாள் சாப்பிடாமல் கிடந்தேன். ஆனால் பெருக்கலாகவே இருக்கிற ஒன்றிரண்டும் உண்டு. மரியாதை அப்படி. உண்மை பேசுவது அப்படி. அவற்றில் ஒன்று பூஜ்யமாகிவிட்டால் மற்ற எதைக் கொண்டுவந்து வைத்தாலும் விடை பூஜ்யம்தான். எதைக் கூட்டுவது, எதைப் பெருக்குவது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இரண்டு பேருக்கும் கொஞ்சம் காலம் ஆகும். எனக்கும் அப்பாவுக்கும் ஆயிற்று.

கடைசியாக ஒன்று. போன வாரம் முகூர்த்தச் சேலை எடுக்கப் போனோமே, அன்றைக்கு நடந்ததை உன்னிடம் கவிதா சொன்னாளா என்று தெரியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. நானே தனியாகப் படகில் கடலுக்கு அக்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் போய் அவளை அழைத்து வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அவள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, படகுத்துறையில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். நம் கரைக்கு, ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பும் படகுக்காக இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஆரம்பித்தேன். "என் மகன்..." என்றேன். அதோடு நின்றுவிட்டது.

உனக்குத் தெரியும், இந்த இடத்தில் எல்லோரும் உதவிக்கு வந்துவிடுவார்கள். என் மகன் நல்லவன் என்று சொல்ல வருகிறீர்களா, அவனைப் பார்த்துக்கொள் என்கிறீர்களா என்று ஆளுக்கொரு முடிவை எடுத்துக் கொடுப்பார்கள். அன்பினால்தான். அப்பாவும் அப்படித்தான், அவசரத்தில் சில சமயம் நீயும். கவிதா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். படகு வந்தது, ஆட்கள் எழுந்து போனார்கள், மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்காக... உப்பு... குறைச்சிட்டான். எல்லாத்துலயும். உனக்கு... நீ... போட்டுக்கோ."

முழுசாகக் கேட்டு முடித்த பிறகுதான் அவள் சிரித்தாள். "தெரியும் மாமி. நான் கையோட வச்சிருக்கேன்," என்று கைப்பையைத் திறந்து, காகிதத்தில் மடித்த ஒரு சிட்டிகை உப்பைக் காட்டினாள்.

எங்கள் படகு போய்விட்டது. அடுத்தது வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம், என் வேகத்தில்.

அம்மா